எங்கள் ஆடுகள் தையில் ஈன்றன

தம்பி,

தொலைபேசியில் சொல்ல வாய் வராததை எழுதிப் பார்க்கிறேன். போன கிழமை நீ எடுத்தபோது அப்பா உன்னிடம், "ஆடெல்லாம் தையிலை குட்டி போட்டிட்டுது தம்பி. ஒண்டும் சாகேல்லை" என்று சொல்லிவிட்டார். சொல்லவேண்டாம் என்று நான் முதலே சொல்லி வைத்திருந்தேன். மனுஷனால் அடக்க முடியவில்லை. நீ உடனே, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அப்பா போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்ல எனக்குக் களைப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எதற்குப் பதில் சொல்லவும் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். எங்களால் வரமுடியாது, அப்பாவின் மூச்சு நோர்வேக் குளிரைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிட்ட நின்று சொல்லவேண்டியதை எட்ட இருந்தாவது சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. இதை வேறு யாரும் வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. ஊருக்கென்று ஆசையோடு வந்து, மனம் முறிந்து திரும்பிப் போன பிள்ளைகள் உன்னைப்போல் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருப்பார்கள்.

நீ திரும்பி வந்த நாளை நினைக்கிறேன். பத்தொன்பது வயதில் போனவன், தலையில் ஒன்றிரண்டு நரையோடு வந்து இறங்கினாய். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்கலேற்றும் வாசனைப் போத்தலும் கொண்டுவருவார்கள். உன் பெட்டிக்குள் முழங்கால் வரைக்கும் வருகிற இறப்பர்ச் சப்பாத்தும், ஆட்டுக்குட்டிக்குப் பால் பருக்குகிற போத்தலும் இருந்தன. அப்பா அந்தப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முதலில் மீன் தொழிற்சாலையில் நின்றாய், பிறகு புருஷனை இழந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் செம்மறிப் பண்ணையில் சேர்ந்தாய் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடித்துப்போயிருந்தது என்பது நீ இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

முதற் கிழமையில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "உந்த ஊரிலை செம்மறியெல்லாம் ஒரே மாதத்திலைதான் குட்டி போடுமாமே, அது என்னெண்டு?" என்று அப்பா சும்மா கேட்டார். நீ சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாய். "அப்பா, அங்கை ஐப்பசி கார்த்திகையிலை பகல் குறுகிக்கொண்டு வரும். பின்னேரம் எண்டு ஒண்டு இல்லை, உடனை இருட்டு. அந்த இருட்டை ஆட்டின்ரை கண் பாத்து உடம்புக்குச் சொல்லும். அப்பதான் அது கிடாயோடை சேரும். அஞ்சு மாதம் வயித்திலை. குட்டி விழேக்கை சரியாப் பனி கரைஞ்சு புல்லு முளைக்கும். வயித்திலை குட்டி இருக்கேக்கையை விட, பால் குடுக்கேக்கைதான் தாய்க்குக் கூடத் தீன் வேணும். அந்த நேரம் பாத்துப் புல்லு வரும். மான், காட்டுமாடு, குளம்புள்ளது எல்லாத்துக்கும் அங்கை உதுதான் கணக்கு."

"அதுக்கேன் எல்லாம் ஒண்டாப் போடவேணும்?" என்று நான் கேட்டேன். "ஒண்டாப் போட்டால்தான் நரி எல்லாத்தையும் தின்ன ஏலாது அம்மா. ஒண்டிரண்டு போகும், மிச்சம் தப்பும். பேந்து கோடை முழுக்க மலையிலை மேஞ்சு, அடுத்த குளிருக்கு முதல் தேறியிடும். பிந்திப் பிறந்தது மெலிஞ்சபடி குளிருக்குள்ளை போகும். அது மிஞ்சாது" என்றாய். உன் கை காய்ந்துபோய்விட்டது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நாலு படம் கரும்பலகையில் கீறிப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவள். அந்த நாலில் பாதியை நானே கண்டதில்லை. அன்றைக்கு உன் வாயால் கேட்டபோதுதான் முதன்முதலாக அந்தப் படங்களுக்குள் ஓர் ஆடு நடந்து போவதைப் பார்த்தேன்.

அப்பா விடவில்லை. "இஞ்சை பகல் எங்கை குறுகுது? தைப்பொங்கலுக்கும் ஆடிப்பிறப்புக்கும் ஒரு சொட்டு வித்தியாசம்தானே" என்றார். "ஓம் அப்பா, இஞ்சை வெயிலும் மழையும்தான் கலண்டர்" என்றாய். அதிலிருந்துதான் உன் திட்டம் பிறந்தது. புல் எப்போது வருகிறதோ அப்போது குட்டி பிறக்கவேண்டும். எங்களுக்குப் புல் வருவது ஐப்பசி முதல் மழையோடு. அப்படியென்றால் வைகாசியில் கிடாயை விடவேண்டும். நானும் தலையாட்டினேன், அப்பாவும் தலையாட்டினார். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அது நல்ல கணக்கு என்றுதான் சொல்வேன். சாவகச்சேரிச் சந்தையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தேடித் தேடிப் பெட்டை மறியாடுகளும் ஒரு கிடாயும் வாங்கினாய். நிலத்தின் ஈரம் படாமல் பலகை அடித்து உயரத்தில் கொட்டில் கட்டினாய். வைகாசி வெயிலில் ஆடுகள் எலும்புந் தோலுமாக நின்றன. கிடாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீ தவிடும் புண்ணாக்கும் பூவரசங் குழையும் போட்டுப் போட்டு அவற்றைத் தேற்றி, கடைசியில் உன் எண்ணப்படியே எல்லாம் சினைப்பட்டன.

ஐப்பசியில் முதல் மழை பெய்து, காணியெல்லாம் பச்சை பிடித்த அந்தக் கிழமைதான் குட்டிகள் விழத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நீ இறப்பர்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்கும் கிணற்றடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. உன் சின்னமாமாகூட வந்து, "மருமோன் வெளிநாட்டு மூளையோடைதான் வந்திருக்கிறான்" என்றான். குட்டிகள் கூட்டமாகச் சேர்ந்து பலகையில் துள்ளுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். உன்னை நான் அப்படிச் சந்தோஷமாகப் பார்த்தது அந்த நாட்களில்தான்.

கார்த்திகையில் கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதானே என்று இருந்தோம். மழை விடாமல் பிடித்தது. மழையைவிடக் காற்றுத்தான் கொடியது. உன் பலகைத் தளம் ஈரத்தைத் தடுத்தது, ஆனால் கூரைக்குக் கீழாலும் பலகை இடுக்காலும் ஊசிபோல் வந்த குளிர்காற்றை அதனால் தடுக்க முடியவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு குட்டி மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு இருமியது. மத்தியானத்துக்குள் இன்னும் சில இருமின. மிருக வைத்தியர் வெள்ளத்துக்குள்ளால் மோட்டார்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊசி போட்டார். "சளி நெஞ்சுக்கை இறங்கியிட்டுது. சூட்டிலை வைச்சிருங்கோ, வேறை நான் என்ன செய்ய?" என்றார். குட்டிகளை எல்லாம் தூக்கிவந்து விறாந்தையில் விட்டோம். என் பழைய சீலைகளைக் கிழித்துச் சுற்றினோம். அப்பா, தன் மூச்சிழுப்பையும் பாராமல், ஒன்றை மேற்சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அது அவருடைய நெஞ்சிலேயே செத்தது. அவர் வெகுநேரம் எங்களுக்குச் சொல்லவில்லை.

நீ பின்வளவில் கிடங்கு வெட்டினாய். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. குட்டிகளைப் புதைக்கவும் முடியாமல், வெளியே விடவும் முடியாமல், மண்வெட்டியோடு மழைக்குள் நின்றாய். நான் குடையோடு வந்தேன். "அம்மா, அங்கை பனிக்குள்ளை பிறந்ததையெல்லாம் நான் காப்பாத்தினனான்" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குட்டிகளைப் பற்றி ஒரு சொல்லும் நீ பேசவில்லை. மழை விட்டபோது விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகளே மிஞ்சின. தாய்களும் நோய்ப்பட்டுப் பால் வற்றி நின்றன. சின்னமாமா திரும்பவும் வந்தான். "இஞ்சத்தை ஆட்டுக்கு இஞ்சத்தை மூளை காணும்" என்று படலையில் நின்றே சொல்லிவிட்டுப் போனான். அவனுடைய வாய் எப்போதும் அப்படித்தான். நீ அதைக் கேட்டுவிட்டாய்.

மார்கழி முழுக்க அறைக்குள் கிடந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாய், தலையைக் குனிந்து சாப்பிடுவாய், போய்விடுவாய். பொங்கலன்றைக்குக்கூடப் பானையடிக்கு வரவில்லை. ஒரு நாள் உன் கதவடியில் நின்று, "நீ அங்கை போ தம்பி" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்கு முன்னால் நிற்கிறது. தோற்றுப்போனவனைத் தாயே துரத்துகிறாள் என்று நினைத்தாய். இத்தனை நாள் நான் அதை விளங்கப்படுத்தவில்லை. இப்போது சொல்கிறேன், கேள். உன்னைப் போகச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை, வெட்கப்படவும் இல்லை. பெற்ற பிள்ளை எட்ட இருந்து சிரிப்பதைத் தாங்கலாம். பக்கத்து அறையில் சத்தமில்லாமல் கிடப்பதைத் தாங்கும் பலம் என்னிடம் இல்லை. இரண்டில் எனக்கு ஏலக்கூடியதைத் தெரிந்தெடுத்தேன். மாசியில் நீ போனாய். இறப்பர்ச் சப்பாத்தை விட்டுவிட்டுப் போனாய்.

நீ போனபிறகு கொட்டிலில் ஒருவருக்கும் மனம் செல்லவில்லை. ஆடுகளை விற்கவும் அப்பாவுக்கு மனமில்லை, வளர்க்கவும் உடம்பில்லை. காலையில் அவிழ்த்துவிடுவார், பொழுதுபட அவை தாமாகவே வரும். கிடாயையும் சேர்த்துத்தான் விட்டார். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதங்கள் போயின. ஒன்றும் சினைப்படவில்லை. நோயிலிருந்து தேறுமுன் கோடை வந்துவிட்டது, கோடையில் தின்ன ஒன்றுமில்லை. "இனி உது சரிவராது போலை கிடக்கு" என்றார் அப்பா. ஓமென்றேன். அந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை. பேசினால் உன்னைப் பற்றித்தான் பேசவேண்டிவரும் என்ற பயம்.

ஆடி நடுவில், ஆடுகள் பொழுதுபட்டும் வீட்டுக்கு வருவதற்குப் பிந்தின. தேடிப் போன அப்பா அவற்றைப் பின்னால் இருக்கிற பனங்கூடலுக்குள் கண்டார். பனம்பழம் விழுகிற காலம். வாயெல்லாம் மஞ்சள் களி அப்பியபடி, நாரை இழுத்து இழுத்துச் சூப்பிக்கொண்டு நின்றனவாம். புல்லென்று சொல்ல ஒரு தும்பும் இல்லாத அந்த வெயிலில் அவை நாளுக்கு நாள் மினுங்கத் தொடங்கின. "இஞ்சை பாரும், கிடாய் ஒரு இடத்திலை நிக்குதில்லை" என்று அப்பா வந்து சொன்னார். நான் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. மாரி வந்தது, தாழமுக்கம் வந்தது, காற்றும் வந்தது. ஆடுகள் சினை வயிற்றோடு கொட்டிலுக்குள் ஒன்றை ஒன்று நெருக்கிப் படுத்துக்கிடந்தன. குளிர் தாய்க்குத்தான், குட்டி உள்ளே சூட்டில் இருந்தது. தை பிறந்தது. மழை விட்டு, புல் முழங்காலுக்கு நிற்க, வெயில் உறைக்காமல் எறிக்கிற நேரம். பட்டிப்பொங்கலுக்குப் படைக்க ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்போது அப்பா கொட்டிலுக்குள் இருந்து கூப்பிட்டார். "ஓடி வாரும்!" நான் மெல்லத்தான் போனேன், முழங்கால் விடாது. முதற் குட்டி எழும்பி நின்றது. அடுத்த இரண்டு கிழமைக்குள் மற்றதுகளும் ஈன்றன. ஒன்றும் இருமவில்லை.

கடைசி ஆடு ஈன்ற அன்றைக்குப் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசினோம். வெகுநாளைக்குப் பிறகு நீண்ட பேச்சு. "அவன் எங்கை பிழை விட்டவன்?" என்று அப்பா கேட்டார். குற்றம் பிடிக்கிற கேள்வி அல்ல, உண்மையாகவே அறியவேண்டும் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நீ பெரிதாக ஒன்றும் பிழைவிடவில்லை தம்பி. அங்கே பனி முடியப் பிறக்கின்றன. இங்கே மழை முடியப் பிறக்கவேண்டும். நீ மழையின் தொடக்கத்தை எங்கள் வசந்தம் என்று எண்ணிவிட்டாய், அது எங்கள் குளிர்காலமும்கூட. புல்லைக் கொண்டுவருவதும் குட்டியைக் கொல்வதும் இங்கே ஒரே மழைதான். அங்கே இருட்டைப் பார்த்து ஆடு சேருகிறது. எங்கள் ஆடுகளுக்குப் பனம்பழம் அந்த வேலையைச் செய்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆவணியில் உடம்பு தேறிச் சேர்ந்தால் தையில் குட்டி. எல்லா வீட்டு ஆடும் இப்படியல்ல. கட்டிவைத்துத் தீன் போடுகிற வீட்டில் எந்த மாதமும் குட்டி விழும். நான் விசாரித்தும் பார்த்தேன். ஒருவர் ஓமென்றார், ஒருவர் அப்படி ஒன்றுமில்லை என்றார். ஆனால் என் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், தர்சினி எனக்குப் போன் எடுத்தாள். நீ கட்டப்போகிற பிள்ளை. உனக்குத் தெரியாமல் எடுத்தாள், அவளோடு கோபிக்காதே. "மாமி, இவர் பண்ணைக்குப் போறதை விட்டிட்டார். திருப்பியும் மீன் தொழிற்சாலையிலைதான் நிக்கிறார். போன வசந்தத்துக்கு அந்தப் பண்ணைக்கார அம்மா ரெண்டு மூண்டு தரம் கூப்பிட்டவ. ஆளில்லாமல் தனியக் குட்டி பாக்கிறா. இவர் போனை எடுக்கிறேல்லை. அந்தப் பாதையாலை கார் ஓட்டவும் மாட்டார். கேட்டால் கதைக்கிறாருமில்லை" என்றாள். நல்ல பிள்ளை. அழவில்லை, முறைப்பாடும் வைக்கவில்லை. என்ன செய்யலாம் என்றுதான் கேட்டாள்.

இப்போது சொல்கிறேன். கலியாணம் கட்டுகிறவனுக்குத் தாய் சொல்லக்கூடிய புத்தி என்னிடம் அதிகம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. ஒன்று செத்துப்போனால் அதைப் பற்றி அவளோடு பேசு. ஆட்டுக்குட்டி என்றாலும் சரி, ஓர் ஆசை என்றாலும் சரி. நீ எங்களோடு பேசவில்லை, நாங்களும் எங்களுக்குள் பேசவில்லை. அப்படி ஒரு வருஷம் இந்த வீட்டில் வீணாகப் போயிற்று. எங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறதோ தெரியாது, உங்களுக்கு அப்படி ஒரு வருஷம் வேண்டாம். உன் கலியாணம் முடிகிற கையோடு அங்கே குட்டிகள் விழத் தொடங்கும். அந்த அம்மாவுக்கு ஒருக்கால் எடுத்துப் பேசு. போவதும் விடுவதும் உன் இஷ்டம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உனக்கு நோகும். ஆடுகளைக் கொடுத்துவிட்டோம். அப்பாவால் இனி ஏலாது. அவிழ்த்துவிடக் குனிந்தாலே இழுப்பு வருகிறது. புத்தூரில் யோகம் என்று ஒரு பிள்ளையும் புருஷனும் தோட்டம் செய்கிறார்கள், பின்னால் பனங்கூடலும் இருக்கிறது. நேற்றுக் காலையில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரிக்கவேண்டாம் என்று அப்பா கெஞ்சாத குறையாகச் சொல்லி எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அனுப்பினார். ஏற்றி முடிய அந்தப் பிள்ளை கேட்டாள், "ஐயா, அடுத்த முறை கிடாயை எப்ப விடுறது?"

அப்பா நெஞ்சைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டார். "பனம்பழம் விழத் துவங்கட்டும் பிள்ளை, அப்ப விடு. மழை முடியக் குட்டி விழும்" என்றார். பிறகு, "உது என்ரை மகன் கண்டுபிடிச்சது. நோர்வேயிலை ஆடு பாத்தவன். அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்" என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். "அவன் அப்படிச் சொல்லேல்லையப்பா" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது பொய்தானா என்று வீட்டுக்குள் வந்து வெகுநேரம் யோசித்தேன். இந்த ஊரில் எத்தனையோ தலைமுறையாக ஆடு வளர்க்கிறோம். எப்போது ஈனுகிறது, ஏன் ஈனுகிறது என்று நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சோற்றுக் கை காய நீ இருந்து சொல்லியிராவிட்டால், தையில் அந்தக் குட்டி எழும்பி நின்றபோதும் நான் படையலுக்கு நேரமாகிறது என்று திரும்பி வந்திருப்பேன். அப்பா சொன்னது பொய்யில்லை.

இன்றைக்கு விடியவும் அவர் வழமைபோல் எழும்பிக் கொட்டிலடிக்குப் போனார். அவிழ்க்க ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது கதிரையில் இருக்கிறார். எனக்கும் கை உளைகிறது, இதோடு நிறுத்துகிறேன். இதை வாசித்ததும் எனக்கு எடுக்கவேண்டாம், அவருக்கு எடு. சுகம் விசாரிக்காதே, அதற்கு அவர் ஓமென்று மட்டும்தான் சொல்வார். குட்டிகள் என்ன நிறம், எது முதல் எழும்பி நின்றது, எது தாயை விட்டு ஓடித் திரிந்தது என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை வைத்துவிடாதே.

அம்மா